பன்னிரண்டு ஷில்லிங்

ஆறு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஐவர் கர்னியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நூறு பேர் படித்திருக்கலாம். நாலு பேர் கடிதம் போட்டார்கள். அதில் மூன்று அச்சுப்பிழைகளைப் பற்றி. அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு அப்போது மிகுந்த பிரியம் இருந்தது. கர்னி மனநோய் விடுதியில் எழுதியவை கவிதைகள் அல்ல, நோயின் ஆவணங்கள். யுத்தகளத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால் அவனுக்கே நல்லது என்று முடியும் அந்த வாக்கியம். இப்போது அதை நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாங்கிக்கொள்ள வைத்தது கவிதை அல்ல, ஒரு பென்ஷன் கடிதம்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை வேலூர்ப் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய கிராமங்கள். மாசம் பிறந்தால் முன்னாள் ராணுவத்தார் வரிசை நிற்கும். அதில் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், வரிசையில் நிற்க மாட்டார். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். கூட்டம் குறைந்த பிறகு வருவார். ஒரு நாள் மடித்து மடித்து நைந்துபோன ஆங்கிலக் கடிதம் ஒன்றை நீட்டி, "சார், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதில். நோய்: மனச்சோர்வு. முடிவு: இது ராணுவ சேவையால் விளைந்ததல்ல, ராணுவ சேவையால் அதிகமானதும் அல்ல. தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் கவுன்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்கிருந்து வந்துச்சாம் சார்?" என்றார். "இதுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றேன். பின்னால் டோக்கன் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு சொற்களை, விளைந்தது, அதிகமானது, நான் வேறெங்கோ படித்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி வரை உறுத்திக்கொண்டிருந்தது. படித்தது கர்னியின் வாழ்க்கையில்தான்.

கர்னி க்ளாஸ்டர் நகரத்துத் தையற்காரரின் மகன். இசையும் கவிதையும் இரண்டுமே கைவந்தவன். 1913ல், யுத்தம் வருவதற்கு முன்பே, ஒருமுறை மனம் முறிந்து தேறினான். பிறகு சாதாரணச் சிப்பாயாகப் பிரான்சுக்குப் போனான். 1917 ஏப்ரலில் கையில் குண்டு. அதே வருஷம் செப்டம்பரில், பாஷன்டேல் சண்டையின்போது, விஷவாயு. 1918 ஜூனில் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகக் கடிதம். சிப்பாய் வேலையிலிருந்து அவனை விடுவித்தபோது எழுதிய காரணம் 'தாமதமாக வந்த ஷெல் ஷாக்'. வாரத்துக்குப் பன்னிரண்டு ஷில்லிங் பென்ஷன். முழுப் பென்ஷன் இல்லை. ஏனென்றால் அவன் நோய் யுத்தத்தால் அதிகமானது, யுத்தத்தால் உண்டானது அல்ல என்று முடிவு. 1913ஐ யாரோ ஒரு குமாஸ்தா கழித்துவிட்டான். குமாஸ்தா என்று நான் சொல்வதில் ஏளனம் இல்லை, என் ஜாதிதான்.

1922ல் கர்னியை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1937 டிசம்பரில் அங்கேயே காசநோயில் செத்துப்போகும் வரை வெளியே வரவில்லை. பதினைந்து வருஷம்.

இந்தக் கழித்தல் கணக்கு எப்படி ஆரம்பித்தது என்பதை ஒழுங்காகப் பார்த்தால்தான் இன்று மூளைப் படங்களை வைத்துக்கொண்டு நடக்கும் விவாதமும் புரியும். 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்கிற கேம்பிரிட்ஜ் மனவியலாளர் 'லான்செட்' பத்திரிகையில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். பக்கத்தில் ஷெல் வெடித்தது, உடம்பில் பெரிய காயமில்லை. ஆனால் பார்வை குறுகிவிட்டது, வாசனையும் ருசியும் போய்விட்டன, ஞாபகம் தப்பிவிட்டது. 'ஷெல் ஷாக்' என்ற பெயர் அச்சில் நிலைத்தது அப்போதுதான். பெயரே ஒரு சித்தாந்தம்: வெடியின் அதிர்வு மூளையை ஸ்தூலமாகக் குலுக்கிவிட்டது என்பது. சீக்கிரமே சங்கடம் வந்தது. வெடிப்புக்குப் பக்கத்திலேயே போகாதவர்களும் ஊமையானார்கள், நடுங்கினார்கள். அந்தப் பெயர் சரியில்லை என்று மையர்ஸே பின்னால் ஒப்புக்கொண்டார்.

ராணுவம் குழப்பத்தைத் தன் வழக்கப்படி தீர்த்தது. இரண்டு எழுத்து. எதிரியின் ஷெல் வெடித்ததால் வந்தது என்றால் பெயருக்குப் பக்கத்தில் 'டபிள்யூ', அதாவது காயம். சட்டைக் கையில் காயப்பட்டை குத்திக்கொள்ளலாம், பென்ஷன் கேட்கலாம். அப்படி இல்லையென்றால் 'எஸ்', வெறும் சீக்கு. எந்த எழுத்து என்று தீர்மானிக்க ஒரு படிவம். அவன் வெடிப்பில் அகப்பட்டானா என்று அவனுடைய படைப்பிரிவு அதிகாரி எழுதித்தர வேண்டும். அந்த அதிகாரி பெரும்பாலும் இருபத்திரண்டு வயசுப் பையன். படிவம் போய்ச் சேரும்போது செத்திருக்கவும் கூடும். 1917ல் அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 'இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்புக் கோளாறு' என்று எழுதினால் போதும்.

இதற்கிடையில் ஒருவர் மூளையைத் திறந்தே பார்த்தார். ஃப்ரெடரிக் மாட் என்கிற நோய்க்கூறு நிபுணர், வெளிக்காயமின்றி வெடியதிர்வில் இறந்த இரண்டு பேரின் மூளைகளை நுண்ணோக்கியில் பரிசோதித்து 1917ல் எழுதினார். ஊசிமுனை போன்ற ரத்தக்கசிவுகள் இருந்தன. ஆனால் உயிரோடு இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களின் மூளையைத் திறக்க வழியில்லை. அவர்கள் விஷயத்தில் மாட் கடைசியில் கைகாட்டியது பிறவிச் சுபாவத்தை, பரம்பரையை. ஸ்தூல ஆதாரம் தேடிப் போனவர் வம்சாவளியில் வந்து நின்றார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எண்பத்தைந்து வருஷம் கழித்து இதே பாதையில் இன்னொருமுறை நடந்தோம்.

நம் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் ஷெல் ஷாக் என்றால் எடின்பரோ பக்கத்து க்ரெய்க்லாக்கர்ட் மருத்துவமனைதான். ஸஸூன் அங்கே இருந்தான், ஓவன் அங்கே இருந்தான், ஓவனின் கையெழுத்துப் பிரதியில் ஸஸூன் திருத்தம் போட்டான் என்று வாத்தியார்கள் உருகிச் சொல்வார்கள். ஸஸூனுக்கு வைத்தியம் பார்த்த ரிவர்ஸ் நமக்குக் கொஞ்சம் தெரிந்தவர்கூட: 1901-02ல் நீலகிரியில் தோடர்களோடு இருந்துவிட்டு, 1906ல் அவர்களைப் பற்றித் தடியான புத்தகம் எழுதிய ரிவர்ஸ்தான். அதற்கும் மேல் நரம்பு ஆராய்ச்சிக்காரர். 1903ல் ஹென்றி ஹெட் என்ற நண்பர் தன் முன்கையில் ஒரு நரம்பை வேண்டுமென்றே வெட்டிக்கொள்ள, அது மறுபடி உணர்ச்சி பெறுவதை ரிவர்ஸ் வருஷக்கணக்கில் ஊசியாலும் பஞ்சாலும் சோதித்துக் குறித்தார். வெட்டுண்ட நரம்பு எப்படி இருக்கும் என்று அவ்வளவு கிட்டத்தில் பார்த்த மனிதர், 1917ல், ஸஸூனிடம் உட்கார்ந்து பேசினார். மறக்க முயலாதே, சொல்லக்கூடிய விதத்தில் நினைத்துப் பார் என்றார். நல்ல வைத்தியம். ஆனால் அந்த மருத்துவமனை அதிகாரிகளுக்கு மட்டும். பேச்சுப் போன சாதாரணச் சிப்பாய்க்கு லண்டன் குவீன் ஸ்கொயரில் யீலண்ட் என்ற டாக்டர் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேசும் வரை கதவு திறக்காது.

1917 இலையுதிர்காலத்தில், ஓவனும் ஸஸூனும் க்ரெய்க்லாக்கர்ட்டில் இருந்த அதே வாரங்களில், சில மைல் தள்ளி பாங்கூர் ராணுவ மருத்துவமனையில் கர்னி படுத்திருந்தான். விஷவாயு பட்டவன், சிப்பாய். அவனுக்கு ரிவர்ஸ் கிடைக்கவில்லை. இது ஒரு புத்தகப் பெயர்ச் செய்தி மாதிரி என் பழைய கட்டுரையில் அடிக்குறிப்பாக வந்தது. அடிக்குறிப்பில் போட்டதே தப்பு.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். 1922ல் ஸவுத்பரோ பிரபு தலைமையில் ஒரு கமிட்டி, அந்தப் பெயரை ஒழிக்க வேண்டும், இதை யுத்தகளச் சேதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. 1914-18ல் ஓட்டம், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தன் படையே சுட்டுக்கொன்ற 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006ல். அமெரிக்காவில் ஏப்ரம் கார்டினர் 1941ல், இந்த நோய் வெறும் மனசில் இல்லை, உடம்பின் ஒழுங்கே மாறிவிடுகிறது என்று எழுதினார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வியட்நாமிலிருந்து திரும்பிய பையன்கள் தாங்களே கூடி உட்கார்ந்து பேச ஆரம்பித்து, லிஃப்டன், ஷாட்டன் என்று இரண்டு டாக்டர்கள் துணை நின்று, பத்து வருஷம் மல்லுக்கட்டிய பிறகுதான் 1980ல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில் அது தனிநோயாக ஏறியது. அந்தப் பதிப்பின் விளக்கத்தில் முக்கியமான இடம் ஒன்று உண்டு: கிட்டத்தட்ட யாரையும் கலங்கடிக்கக்கூடிய சம்பவம். அதாவது, காரணம் வெளியே இருக்கிறது. பாட்டனார் பைத்தியமா என்று கேட்காதே. அறுபத்தைந்து வருஷத்துக் கழித்தல் கணக்கை ஒரே வரியில் அடித்துவிட்டார்கள் என்று தோன்றும்.

பிறகு மூளைப் படங்கள் வந்தன.

1995ல் ப்ரெம்னரும் கூட்டாளிகளும் இந்த நோயுள்ள 26 வியட்நாம் சிப்பாய்களையும், ஒப்பிட்டுப் பார்க்க 22 பேரையும் காந்தப் படக் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்று கடற்குதிரையின் பெயரை வைத்திருக்கிற மூளைப் பகுதி, நோயாளிகளுக்கு வலப்பக்கத்தில் எட்டு சதவிகிதம் சிறிதாக இருந்தது. நடந்த ஒன்றுக்கு இடமும் நேரமும் கொடுத்து ஞாபகமாக்குவதில் அந்தப் பகுதிக்கு முக்கியப் பங்கு. அடுத்த வருஷம் ஷெலைன், யுத்தத்தோடு சம்பந்தமே இல்லாத, மனச்சோர்வில் பலமுறை விழுந்தெழுந்த பத்துப் பெண்களிடம் அதே இடத்தில் அதே சுருக்கத்தைக் கண்டார். சோர்வில் கழிந்த நாட்கள் கூடக்கூடச் சுருக்கமும் கூடியிருந்தது. யுத்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் சேர்ந்தே வருகிற நோய்கள். முதலாவது உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டாவதும் இருக்கிறது. ஆக, விளக்கம் தயாராக இருந்தது: பயத்தில் சுரக்கும் கார்ட்டிஸால் ஓயாமல் சுரந்து ஹிப்போகாம்பஸை அரிக்கிறது, அரிபட்ட ஹிப்போகாம்பஸ் அந்தச் சுரப்புக்குத் தடைபோடும் சக்தியை இழக்கிறது, அதனால் இன்னும் சுரக்கிறது. இதோ 'டபிள்யூ', கண்ணால் பார்க்கக்கூடிய காயம் என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் விஷயம் அவ்வளவு சமர்த்தாக உட்காரவில்லை. மனச்சோர்வு முற்றியவர்களில் பலருக்குக் கார்ட்டிஸால் அதிகம்தான். யுத்த அதிர்ச்சியுள்ள சிப்பாய்களிடமோ, 1986லேயே மேஸன் குழுவினர் அளந்தபோது, குறைவாக இருந்தது. பிற்பாடு யெஹுடா போன்றவர்களும் அப்படியே கண்டார்கள். ஒரே இடத்தில் குழி. தோண்டியது ஒரே கை அல்ல போலிருக்கிறது.

2002ல் வந்தது கில்பர்ட்ஸனின் ஆராய்ச்சி. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள். ஒருவன் வியட்நாம் போனான், மற்றவன் போகவில்லை. நோயோடு திரும்பியவனின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது; எதிர்பார்த்ததுதான். வீட்டிலேயே இருந்த சகோதரனுடையதும் அதே அளவு சிறிதாக இருந்தது. போனவனின் நோய் எவ்வளவு கடுமை என்பதை, போகாதவனின் மூளையை அளந்தே ஓரளவு ஊகிக்க முடிந்தது. அப்படியானால் யுத்தம் அதைச் சுருக்கவில்லை. அது பிறவியிலேயே சிறிது. சிறிதாக உள்ளவனே எளிதில் முறிகிறான். மாட் 1918ல் வந்து நின்ற அதே முச்சந்தி.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு ஒரு குரூரமான திருப்தி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கட்டுரையும் சரி, அந்த ஆங்கிலக் கடிதமும் சரி, இதைத்தானே சொல்கின்றன. கர்னிக்கு 1913; எதிரே நின்றவருக்கு அவர் அப்பாவோ சித்தப்பாவோ. பிறகு மறுபடி படித்தேன். நான் தவறவிட்டது மிகச் சின்ன விஷயம்: வீட்டில் இருந்த சகோதரனுக்கு அந்த நோய் இல்லை. அதே கரு, அதே வீடு, அதே சிறிய ஹிப்போகாம்பஸ். நோய் மட்டும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் என்று ஒன்று உண்டென்றால் அது வியட்நாம். சுவர் மெலிதாக இருந்ததால்தான் வெள்ளத்தில் வீடு விழுந்தது என்று இன்ஜினியர் சொல்லலாம். தெருவில் எதிர்வீட்டுச் சுவரும் அதே மெலிசுதான், அங்கே வெள்ளம் வரவில்லை, வீடு நிற்கிறது என்றால், வெள்ளத்துக்கு இதில் பங்கில்லை என்று எழுத எப்படிக் கை வரும்? அந்த ஆராய்ச்சியாளர்கள் அப்படி எழுதவுமில்லை. எளிதில் முறியக்கூடிய தன்மை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைப் 'பிறவிக் கோளாறு' என்று மாற்றிப் படித்தது நான்.

போதாததற்கு, 2008ல் அதே மாதிரி இரட்டையர்களை வைத்து இன்னொரு இடத்தை அளந்தார்கள். மூளையின் முன்பக்கத்து உள்மடிப்பில், பயத்துக்குக் கடிவாளம் போடும் பகுதி. அங்கே சாம்பல் திசு குறைந்திருந்தது, போய்வந்தவனுக்கு மட்டும். 2016ல், வெடிகுண்டு அதிர்வுக்கு ஆளாகி வெகுகாலம் பிழைத்திருந்து இறந்த ஐந்து ராணுவத்தாரின் மூளைகளில் பெர்ல் என்பவர், சாம்பல் திசுவும் வெள்ளைத் திசுவும் சந்திக்கும் எல்லைகளில் ஒரு விசேஷத் தழும்பைக் கண்டார். ஐந்து பேருக்கும் உயிரோடிருந்தபோது யுத்த அதிர்ச்சி நோய் என்று பெயர் எழுதப்பட்டிருந்தது. மாட்டின் முதல் ஊகமும் முழுக்கப் பொய்யில்லை. ஒரே மண்டைக்குள் பிறவி, வெடியின் குலுக்கல், பயத்தின் அரிப்பு, பிற்காலச் சோர்வு நாலும் இருக்கின்றன. கோடு போட்டுப் பிரிக்கிற கருவி எதுவும் அந்த மருத்துவமனைகளில் இல்லை. கோடு போட்டாக வேண்டியவன் விஞ்ஞானி அல்ல, வவுச்சர் பாஸ் பண்ணுகிறவன்.

விமர்சகனும் அதைத்தான் செய்கிறான். கர்னி 1922க்குப் பிறகு விடுதியில் இருந்துகொண்டு, முடிந்துபோன யுத்தம் நேற்று ராத்திரி நடந்தது மாதிரி எழுதிக்கொண்டே இருந்தான். சிகரெட்டின் பெயர், சேற்றின் நிறம், எந்தத் தோழன் எந்தப் பாட்டை முணுமுணுத்தான் என்பது வரை எல்லாம் இருக்கும். தேதி மட்டும் இருக்காது. 'முதல் யுத்தக் கவிஞன்' என்று கையெழுத்துப் போட்டான். மின்சார அலைகள் தன்னை வதைப்பதாகச் சொன்னான். நான் இதில் மின்சாரத்தைப் பார்த்துவிட்டுச் சேற்றையும் சேர்த்துத் தள்ளினேன். இடமும் நேரமும் ஏறாத ஞாபகம் ஞாபகமாகாமல் நடப்பாகவே நின்றுவிடுகிறது என்று மூளைக்காரர்கள் சிலர் சொல்வது கருத்துத்தான், நிரூபணமல்ல. கர்னியின் வியாதி யுத்தமே இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்று சொல்கிற வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்களையும் நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன், 1913 அங்கேயே இருக்கிறது. ஆனால் கேவனா 1982ல் பதிப்பித்த தொகுப்பைப் போன மாதம் முழுக்கத் திரும்பப் படித்தேன். 1917, 1919ல் வந்த அவனுடைய இரண்டு புத்தகங்களும் நல்ல பையன் எழுதிய நல்ல கவிதைகள். அவனை அவனாக்குவது விடுதியில், 1922க்கும் 1926க்கும் நடுவில் எழுதியவைதான். வாக்கியம் உடைகிற இடத்தில் உடைய விட்டிருக்கிறான். நவீனத்துவம் என்று நாம் யாரிடமோ கற்றுக்கொண்டு செய்வதை அவன் வேறு வழியின்றிச் செய்தான். நோயிலிருந்து எவ்வளவு, திறமையிலிருந்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்து நான் அவனுக்கும் பன்னிரண்டு ஷில்லிங் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கட்டுரையில் நான் விட்டுவிட்ட இன்னொன்று, எட்வர்ட் தாமஸின் மனைவி ஹெலன் அவனைப் பார்க்கப் போனது. தாமஸ் 1917ல் ஆராஸில் செத்துப்போன கவிஞன்; கர்னி அவனை நேரில் அறியான், கவிதையில் உயிராக இருந்தான். முதல்தடவை ஹெலன் பூக்கொத்தோடு போனார். அடுத்த தடவை, கணவன் நடந்து திரிந்தபோது வைத்திருந்த க்ளாஸ்டர்ஷயர் நிலப்படத்தைக் கையோடு கொண்டுபோனார். படுக்கையில் அதை விரித்துக்கொண்டு, கர்னி விரலால் அந்தச் சந்துகளிலும் மேடுகளிலும் நடந்தான். ஒவ்வொரு திருப்பமும், ஒவ்வொரு வேலியும் தெரிந்தது அவனுக்கு. ஒரு மணி நேரம். அவன் மூளையில் எது சுருங்கியிருந்தது என்று யாரும் அளக்கவில்லை. இடம் மட்டும் குறையவில்லை போலிருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றம் 2013ல் ஒரு வழக்கில், வலிப்பு நோய்க்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கு அது, தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சேரும்போது நோய் இருந்ததாக எழுதிவைக்காதபட்சத்தில் அவன் ஆரோக்கியமாகவே சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்தது சேவையில் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லை என்பவர்கள்தான் காரணத்தோடு நிரூபிக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. மூளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோடு போட முடியாத இடத்தில் கோட்டை யார் செலவில் போடுவது என்பது மட்டும் இருக்கிறது. இது எனக்கு "ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொன்ன அன்று தெரியாது. தெரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆகியிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவருக்காக மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதினேன், இரண்டு பக்கம். தெரிந்த வக்கீல் ஒருவர் நாலு இடத்தில் திருத்தினார். ஜனவரியிலிருந்து அவர் கவுன்டர் பக்கம் வரவில்லை. பணம் மாசாமாசம் ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது, எடுப்பது அவரா வேறு யாருமா என்று திரையில் தெரியாது. கணக்குப் பாரத்தில் மகனுடைய நம்பர் ஒன்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை கூப்பிட்டேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.